மடங்கும் பெருக்கற்பலனும்

எண்கணிதத்தில் மடங்கு, பெருக்கற்பலன் என்பன பெருக்கல் என்னும் ஒரே செயலிலிருந்து தோன்றும் இரு வேறு கருத்துருக்கள் ஆகும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எண்களைப் பெருக்கிக் கிடைக்கும் விடை அவ்வெண்களின் பெருக்கற்பலன் எனப்படும். ஓர் எண்ணை ஏதேனும் ஒரு முழு எண்ணால் பெருக்கக் கிடைக்கும் எண், முதல் எண்ணின் மடங்கு எனப்படும். எடுத்துக்காட்டாக, 6 × 7 = 42 என்பதில் 42 ஆனது 6, 7 ஆகிய இரண்டு எண்களின் பெருக்கற்பலன் ஆகும். அதே 42 ஆனது 6-இன் ஒரு மடங்கு. 7-இன் ஒரு மடங்கும் ஆகும்.

ஒரே எண் இவ்வாறு இரு பெயர்களையும் ஒருங்கே பெறுவதால், தொடக்கக் கல்வியில் ஒன்று மற்றொன்றாக எடுத்துக்கொள்ளப்படுவது உண்டு. பெருக்கற்பலன் ஒரு கணக்கின் விடையைக் குறிக்கிறது. மடங்கு இரண்டு எண்களுக்கு இடையே உள்ள ஓர் உறவைக் குறிக்கிறது. வகுபடும் தன்மை விதிகளிலும் நாட்காட்டிச் சுழற்சிகளிலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் விடையே பிழையாகிவிடும் என்பதால், இவ்வேறுபாடு பெயரளவில் நின்றுவிடுவதில்லை.

சொற்பொருள்

பெருக்கற்பலன் என்பது பெருக்கலின் பலன், அதாவது பெருக்கியதால் கிடைத்த விடை, எனப் பொருள்படும். பெருக்குத்தொகை என்ற சொல்லும் இதே பொருளில் வழங்குகிறது.

மடங்கு என்னும் சொல் மடங்குதல், மடித்தல் ஆகிய வினைகளோடு தொடர்புடையது. ஒரு துணியை மடிக்கும்போது அதே அளவு மீண்டும் மீண்டும் அடுக்கப்படுவதைப் போல, ஓர் எண் மீண்டும் மீண்டும் அடுக்கப்படுவதால் அதன் மடங்குகள் கிடைக்கின்றன.

பேச்சு வழக்கில் மடங்கு என்னும் சொல் முழு எண்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. விலை ஒன்றரை மடங்கு ஆயிற்று, இரண்டரை மடங்கு கூடிற்று என்றெல்லாம் கூறுவது இயல்பு. இவ்வழக்கின்படி 15 ஆனது 10-இன் ஒன்றரை மடங்கு. ஆனால் எண்கணிதத்தில் 15 ஆனது 10-இன் மடங்கு ஆகாது. ஏனெனில் எந்த முழு எண்ணால் 10-ஐப் பெருக்கினாலும் 15 கிடைப்பதில்லை. மாணவர்களுக்கு ஏற்படும் குழப்பத்துக்கு இவ்விரு வழக்குகளும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது ஒரு காரணமாகும்.

வரையறை

பெருக்கற்பலன்: அ, ஆ என்பன இரண்டு எண்கள் எனில், அ × ஆ என்பது அவற்றின் பெருக்கற்பலன். அ, ஆ இரண்டும் முழு எண்களாகவோ பின்னங்களாகவோ வேறு எவ்வகை எண்களாகவோ இருக்கலாம். பெருக்கப்படும் எண்கள் எத்தனையாகவும் இருக்கலாம். எண்கள் கொடுக்கப்பட்டுவிட்டால் அவற்றின் பெருக்கற்பலன் ஒன்றே ஒன்றுதான். பெருக்கும் வரிசையை மாற்றினாலும் அது மாறுவதில்லை.

மடங்கு: அ, ம என்பன இரண்டு முழு எண்கள் என்க. ம = அ × க என்னும் சமன்பாட்டை நிறைவு செய்யும் ஒரு முழு எண் க இருக்குமானால், ம என்பது அ-இன் மடங்கு ஆகும். அ சுழியம் அல்லாதபோது, ம ஆனது அ-ஆல் மீதியின்றி வகுபடும் என்பதும், அ ஆனது ம-இன் காரணி என்பதும் இதே செய்தியை வேறு சொற்களில் கூறுவனவாகும்.

இவ்வரையறைகளிலிருந்து, முழு எண்களின் பெருக்கற்பலன் அவ்வெண்கள் ஒவ்வொன்றுக்கும் மடங்காக அமையும் என்பது பெறப்படும். ஆனால் ஓர் எண் 6-இன் மடங்கு என்று மட்டும் கூறினால் அது எந்த எண் என்று தெரிவதில்லை. அது 6 ஆகவோ 42 ஆகவோ 6000 ஆகவோ இருக்கலாம்.

வாய்ப்பாட்டில் இரண்டும்

பெருக்கல் வாய்ப்பாட்டில் இவ்விரு கருத்துருக்களையும் அருகருகே காணலாம். ஏழாம் வாய்ப்பாடு பின்வருமாறு தொடங்குகிறது:

• 1 × 7 = 7
• 2 × 7 = 14
• 3 × 7 = 21
• 4 × 7 = 28
• 5 × 7 = 35

இதில் ஒரு வரியைக் குறுக்காகப் படித்தால் கிடைப்பது பெருக்கற்பலன். நான்காம் வரி, 4, 7 ஆகியவற்றின் பெருக்கற்பலன் 28 என்கிறது. வலக்கோடியில் உள்ள விடைகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்தால் கிடைப்பவை 7-இன் மடங்குகள்: 7, 14, 21, 28, 35 என்று அவை முடிவின்றித் தொடரும். அடுத்தடுத்த இரு மடங்குகளுக்கு இடையிலான வேறுபாடு எப்போதும் 7 ஆகவே இருக்கும்.

வாய்ப்பாடு பத்து அல்லது பதினாறு வரிகளோடு நிறுத்தப்படுவதால், மடங்குகளும் அங்கேயே முடிவதாகச் சில மாணவர்கள் கருதுவர். 7 × 13 = 91 என்பதால் 91-உம் 7-இன் மடங்கே. பத்தாம் வரிக்கு அப்பால் இருப்பதால் அது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. 91-ஐப் பகா எண் எனப் பிழையாகக் கொள்வதற்கும் இதுவே காரணமாகிறது.

முதன்மையான வேறுபாடுகள்

• பெருக்கற்பலனைக் காண இரண்டு எண்களாவது வேண்டும். மடங்குகளைப் பட்டியலிட ஓர் எண் போதும்.
• கொடுக்கப்பட்ட எண்களுக்குப் பெருக்கற்பலன் ஒன்றுதான். சுழியம் தவிர்ந்த ஓர் எண்ணுக்கு மடங்குகள் முடிவிலாதவை.
• "8, 9 ஆகியவற்றின் பெருக்கற்பலன் என்ன?" என்ற வினாவுக்கு விடை ஓர் எண். "72 ஆனது 8-இன் மடங்கா?" என்ற வினாவுக்கு விடை ஆம் அல்லது இல்லை என்பதாகும்.
• பெருக்கற்பலனில் பெருக்கப்படும் எண்கள் எவ்வகையினவாகவும் இருக்கலாம். மடங்கில் பெருக்கும் எண் முழு எண்ணாக இருத்தல் வேண்டும்.
• பெருக்கலில் எண்களின் வரிசை பொருட்டன்று. மடங்கு என்னும் உறவில் வரிசை இன்றியமையாதது: 42 ஆனது 6-இன் மடங்கு, 6 ஆனது 42-இன் மடங்கன்று, காரணி.

சுழியம், எதிர்ம எண்கள், பின்னங்கள்

6 × 0 = 0 என்பதால் 0 ஆனது 6-இன் மடங்கு. இவ்வாறே 0 எல்லா முழு எண்களுக்கும் மடங்காகும். ஆனால் 0-ஐ எந்த எண்ணால் பெருக்கினாலும் 0 மட்டுமே கிடைப்பதால், 0-க்கு உள்ள ஒரே மடங்கு 0 ஆகும்.

6 × (−2) = −12 என்பதால் −12-உம் 6-இன் மடங்கே. தொடக்கநிலைப் பாடங்களில் மடங்குகள் அந்த எண்ணிலிருந்தே தொடங்கிப் பட்டியலிடப்படுவதால் சுழியமும் எதிர்ம மடங்குகளும் அதில் இடம்பெறுவதில்லை. பொது மடங்குகளுள் மிகச் சிறியதைத் தேடும்போதும் நேர்ம எண்கள் மட்டுமே கருத்தில் கொள்ளப்படுகின்றன.

7 × 1.5 = 10.5 என்பது முறையான பெருக்கல், 10.5 அவ்விரண்டின் பெருக்கற்பலன். ஆனால் 10.5 ஆனது 7-இன் மடங்கு ஆகாது. விடை முழு எண்ணாக அமைந்தாலும் நிலைமை மாறுவதில்லை. 4 × 1.5 = 6 என்பதில் 6 பெருக்கற்பலன் ஆகிறது; 4-இன் மடங்கு ஆவதில்லை.

மீச்சிறு பொது மடங்கும் பெருக்கற்பலனும்

இரண்டு எண்களுக்கும் மடங்காக உள்ள எண் அவற்றின் பொது மடங்கு எனப்படும். நேர்மப் பொது மடங்குகளுள் மிகச் சிறியது மீச்சிறு பொது மடங்கு ஆகும். இலங்கைப் பாடநூல்களில் இது பொது மடங்குகளுட் சிறியது என வழங்கப்படுகிறது.

இரண்டு எண்களின் பெருக்கற்பலன் எப்போதும் அவற்றின் ஒரு பொது மடங்கு. ஆனால் அது மீச்சிறியதாக இருக்கவேண்டும் என்பதில்லை. 12, 18 ஆகியவற்றின் பெருக்கற்பலன் 216. மீச்சிறு பொது மடங்கு 36 மட்டுமே. இதன் காரணத்தைப் பகாக் காரணிகளாகப் பிரித்துப் பார்த்தால் அறியலாம்:

• 12 = 2 × 2 × 3
• 18 = 2 × 3 × 3
• பெருக்கற்பலன் = 2 × 2 × 2 × 3 × 3 × 3 = 216
• மீச்சிறு பொது மடங்கு = 2 × 2 × 3 × 3 = 36

இரண்டு எண்களுக்கும் பொதுவாக உள்ள ஒரு 2-உம் ஒரு 3-உம் பெருக்கற்பலனில் இருமுறை எண்ணப்படுகின்றன. மீச்சிறு பொது மடங்கில் அவை ஒருமுறை மட்டும் எண்ணப்படுகின்றன. அவ்வாறு மிகையாக எண்ணப்பட்டது 2 × 3 = 6; இதுவே 12, 18 ஆகியவற்றின் மீப்பெரு பொது வகுத்தி ஆகும். ஆகவே இரு நேர்ம முழு எண்களுக்குப் பின்வரும் தொடர்பு எப்போதும் உண்மையாகும்:

பெருக்கற்பலன் = மீப்பெரு பொது வகுத்தி × மீச்சிறு பொது மடங்கு

மேலே உள்ள எடுத்துக்காட்டில் 216 = 6 × 36. மீப்பெரு பொது வகுத்தி 1 ஆக உள்ள இரண்டு எண்கள் சார்பகா எண்கள் எனப்படும். சார்பகா எண்களுக்கு மட்டுமே பெருக்கற்பலனும் மீச்சிறு பொது மடங்கும் ஒன்றாக அமையும். 8, 9 ஆகியவற்றுக்கு இரண்டும் 72.

இத்தொடர்பு மூன்று எண்களுக்கு அப்படியே பொருந்தாது. 6, 10, 15 ஆகிய மூன்றின் மீப்பெரு பொது வகுத்தி 1, மீச்சிறு பொது மடங்கு 30, பெருக்கற்பலனோ 900. மூன்றுக்கும் பொதுவான காரணி இல்லாவிட்டாலும், இரண்டிரண்டாக எடுத்தால் பொதுக் காரணிகள் இருப்பதே இதற்குக் காரணம்.

எண்கள் கூடக்கூட இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி பெருகுகிறது. 1 முதல் 10 வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய நேர்ம முழு எண் 2520. அப்பத்து எண்களின் பெருக்கற்பலன் 36,28,800. இது 2520-ஐப் போல் 1440 மடங்கு.

பின்னங்களின் கூட்டல்

வெவ்வேறு பகுதிகளைக் கொண்ட பின்னங்களைக் கூட்டுவதற்குப் பொதுப் பகுதி ஒன்று தேவை. பகுதிகளின் எந்தப் பொது மடங்கும் இதற்குப் போதுமானது. 5/12 + 7/18 என்பதைப் பெருக்கற்பலனைக் கொண்டு செய்தால் 90/216 + 84/216 = 174/216 எனக் கிடைத்து, பின்னர் 6-ஆல் சுருக்கி 29/36 என்று எழுதவேண்டும். மீச்சிறு பொது மடங்கைக் கொண்டு செய்தால் 15/36 + 14/36 = 29/36 என நேரடியாகவே கிடைக்கும். இங்கு இரு வழிகளும் சரியானவை. இரண்டாவது வழியில் உழைப்புக் குறைவு.

வகுபடும் தன்மை விதிகள்

ஓர் எண் 2, 3 ஆகிய இரண்டுக்கும் மடங்காக இருந்தால் அது 6-இன் மடங்கு என்பது நன்கு அறியப்பட்ட விதி. இதைக் கொண்டு, ஓர் எண் இரண்டு எண்களுக்கு மடங்காக இருந்தால் அவற்றின் பெருக்கற்பலனுக்கும் மடங்காக இருக்கும் என்று பொதுமைப்படுத்துவது பிழையாகும்.

• 36 ஆனது 4-இன் மடங்கு, 6-இன் மடங்கு. ஆனால் 4 × 6 = 24-இன் மடங்கன்று.
• 18 ஆனது 2-இன் மடங்கு, 6-இன் மடங்கு. ஆனால் 2 × 6 = 12-இன் மடங்கன்று.

இரண்டு எண்களுக்கும் மடங்காக உள்ள எண், அவற்றின் மீச்சிறு பொது மடங்குக்கு மடங்காக இருக்கும் என்பதே பொதுவாக உண்மையான கூற்று. 2, 3 ஆகியவை சார்பகா எண்கள் என்பதால்தான் 6-க்கான விதி செல்லுகிறது. இதனாலேயே 12-ஆல் வகுபடுமா என்று அறிய 3, 4 ஆகியவற்றையும், 24-ஆல் வகுபடுமா என்று அறிய 3, 8 ஆகியவற்றையும் கொண்டு சோதிக்கிறார்கள்.

நாட்காட்டிகளில்

1582 இல் நடைமுறைக்கு வந்த கிரெகொரியின் நாட்காட்டியின் நெட்டாண்டு விதி மடங்குகளால் ஆனது. 4-இன் மடங்காக உள்ள ஆண்டு நெட்டாண்டு. ஆனால் 100-இன் மடங்காக இருந்தால் நெட்டாண்டு அன்று. 400-இன் மடங்காக இருந்தால் மட்டும் அது மீண்டும் நெட்டாண்டு. 1900 ஆனது 4-இன் மடங்கு, 100-இன் மடங்கு, ஆனால் அவற்றின் பெருக்கற்பலனாகிய 400-இன் மடங்கன்று. ஆகவே 1900 நெட்டாண்டாக அமையவில்லை; 2000 நெட்டாண்டாக அமைந்தது. மடங்கையும் பெருக்கற்பலனையும் ஒன்றெனக் கொண்டால் இவ்விதியை விளங்கிக்கொள்ள இயலாது.

சுழற்சிகள் ஒன்றுசேரும் காலத்தைக் கணிப்பதிலும் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. மாயன் நாட்காட்டியில் 260 நாட்கள் கொண்ட சுழற்சி ஒன்றும், 365 நாட்கள் கொண்ட சுழற்சி ஒன்றும் உடன் ஓடின. இவற்றின் பெருக்கற்பலன் 94,900. ஆனால் இரண்டு எண்களுக்கும் 5 பொதுக் காரணியாக இருப்பதால், இரு சுழற்சிகளும் 18,980 நாட்களில், அதாவது 365 நாட்கள் கொண்ட 52 ஆண்டுகளில், தொடங்கிய நிலைக்கே திரும்பின. சீன நாட்காட்டியில் 10 பெயர்கள் கொண்ட ஒரு வரிசையும் 12 பெயர்கள் கொண்ட ஒரு வரிசையும் இணைத்து எண்ணப்படுகின்றன. இணைகள் 120 ஆகலாம் எனத் தோன்றினாலும், 60-க்குப் பின் முதல் இணையே மீண்டும் வருகிறது. எஞ்சிய 60 இணைகள் ஒருபோதும் வருவதில்லை.

மாறாக, சுழற்சிகள் சார்பகா எண்களாக இருந்தால் பெருக்கற்பலனே விடையாகும். சோசப்பு இசுக்காலிகர் 1583 இல் வகுத்த யூலியன் காலவட்டம் 28, 19, 15 ஆண்டுகள் கொண்ட மூன்று சுழற்சிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது. இவற்றுள் எந்த இரண்டை எடுத்தாலும் பொதுக் காரணி 1 மட்டுமே என்பதால், மூன்றும் ஒன்றுசேர 28 × 19 × 15 = 7980 ஆண்டுகள் ஆகும். வானியலாளர்கள் பயன்படுத்தும் யூலியன் நாள் எண் இக்காலவட்டத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுகிறது.

இயற்கையிலும் பொறியியலிலும்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் சில சில்வண்டு இனங்கள் 13 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், வேறு சில 17 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் நிலத்தடியிலிருந்து கூட்டமாக வெளிவருகின்றன. 13, 17 இரண்டும் பகா எண்கள். எனவே குறிப்பிட்ட இரு கூட்டங்கள் ஒரே ஆண்டில் வெளிவந்தால், அவை மறுபடியும் அவ்வாறு வெளிவர 13 × 17 = 221 ஆண்டுகள் ஆகும். 2024 இல் 17 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் 13 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் ஒருங்கே வெளிவந்தன. அதற்கு முன் அவ்விரண்டும் ஒருங்கே வெளிவந்தது 1803 இல். அடுத்தது 2245 இல் நிகழவேண்டும். சுழற்சிகள் 12, 18 ஆண்டுகளாக இருந்திருந்தால் அவை 36 ஆண்டுகளுக்கு ஒருமுறை சந்தித்திருக்கும்.

பற்சக்கரங்களிலும் இக்கணக்கு பயன்படுகிறது. 20 பற்கள் கொண்ட சக்கரம் 30 பற்கள் கொண்ட சக்கரத்தோடு பொருந்திச் சுழன்றால், 60 பற்கள் நகர்ந்ததும் முதலில் பொருந்திய பற்களே மீண்டும் பொருந்தும். ஒரு பல்லில் குறை இருந்தால் அது எதிர்ச் சக்கரத்தின் அதே மூன்று பற்களையே திரும்பத் திரும்பத் தேய்க்கும். பற்களின் எண்ணிக்கை 20, 31 எனச் சார்பகா எண்களாக அமைந்தால், 620 பற்கள் நகர்ந்த பின்னரே முதல் நிலை திரும்பும். அதற்குள் ஒவ்வொரு பல்லும் எதிர்ச் சக்கரத்தின் எல்லாப் பற்களையும் சந்தித்துவிடும். தேய்மானம் சீராகப் பரவுவதற்காகப் பொறியாளர்கள் இத்தகைய எண்ணிக்கைகளைத் தெரிவு செய்வதுண்டு.

வரலாறு

இவ்விரு கருத்துருக்களும் பண்டைக் கிரேக்கத்திலேயே தனித்தனியாக வரையறுக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ கி.மு. 300 இல் வாழ்ந்த யூக்ளிட் தமது "மூலங்கள்" என்னும் நூலின் ஏழாம் பகுதியில், சிறிய எண் ஒன்றால் மீதியின்றி அளக்கப்படும் பெரிய எண்ணை அதன் மடங்கு என்று வரையறுத்தார். பெருக்கலை ஓர் எண்ணை மீண்டும் மீண்டும் கூட்டுதல் எனத் தனியே வரையறுத்து, இரண்டு எண்களைப் பெருக்கிக் கிடைக்கும் எண்ணைத் தள எண் என்று அழைத்தார். பெருக்கப்படும் எண்கள் அதன் பக்கங்கள் எனப்பட்டன.

அதே பகுதியின் 34-ஆம் தேற்றம், இரண்டு எண்களாலும் அளக்கப்படும் மிகச் சிறிய எண்ணைக் காணும் வழியைக் கூறுகிறது. யூக்ளிட் அதை இரண்டாகப் பிரிக்கிறார். எண்கள் சார்பகா எண்களாக இருந்தால் அவற்றின் பெருக்கற்பலனே அம்மிகச் சிறிய எண். அவ்வாறு இல்லையெனில், அவற்றின் விகிதத்தை மிகச் சிறிய எண்களுக்குச் சுருக்கிய பின்னர் பெருக்கவேண்டும். 12, 18 ஆகியவற்றின் விகிதம் 2 : 3 எனச் சுருங்கும்; 12 × 3 = 18 × 2 = 36. இன்று பள்ளிகளில் கற்பிக்கப்படும் முறையும் இதிலிருந்து அடிப்படையில் வேறுபட்டதன்று.

இவற்றையும் பார்க்கவும்

• பெருக்கல்
• காரணி
• பகா எண்
• சார்பகா எண்கள்
• மீப்பெரு பொது வகுத்தி
• மீச்சிறு பொது மடங்கு
• வகுபடும் தன்மை விதிகள்